மூன்றாம் கூண்டு

கண்ணாடிக்குள் ஆளுக்கொரு மொழியாக
மூவர் உட்கார்ந்திருக்கிறோம்.
மலாய்க்கு ஹம்டான். சீனத்துக்கு மிஸ் சியூ.
மூன்றாம் கூண்டில் நான், இருமல் மிட்டாயோடு.

வெளியே ஆற்றில் தொங்காங் ஒன்று
மழையை ஏற்றிக்கொண்டு போகிறது.
உள்ளே நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறார்கள்.
எழுதுகிறார்கள் என்பது பெரிய வார்த்தை.
பழைய சட்டையின் தையலைப் பிரித்து
அளவு பார்க்கிறார்கள்.
நாள் குறிக்காமல் பிறந்த பிள்ளைக்கு
வேறென்ன கிடைக்கும்?

"இதில் ஒரு திருத்தம் செய்ய
எத்தனை கை உயர வேண்டும்?"
பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்.
மூன்றில் இரண்டு என்கிறது ஒரு குரல்.
பாதிக்கு மேல் ஒன்று போதும் என்கிறது இன்னொன்று.
இரண்டு பேராகவும் நானே பேசுகிறேன்.
ஒரு மணி நேரமாய் என் தொண்டையில்
என்னோடு நானே மல்லுக்கு நின்று
இரண்டு பக்கமும் தோற்றாகிவிட்டது.

தமிழ்ப் பக்கம் விசையைத் திருப்பியவர்
இன்று மாடத்தில் ஒரே ஒருவர்.
காக்கி அரைக்கால் சட்டை,
பையில் பாதி தெரியும் துறைமுக வில்லை.
காதுக்குழலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்,
ததும்பும் கிண்ணத்தைப் பிடிப்பதுபோல.

குடியுரிமைப் பிரிவுக்கு வந்தார்கள்.

ஆங்கிலம் 'இல்லை'யை வாசலிலேயே
செருப்புபோல் கழற்றி வைத்துவிடும்.
தமிழில் அது கடைசிப் படியில் நிற்கிறது.
அதுவரை கேட்பவர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

"பதிவு செய்துகொண்ட எவரும்,
எந்த ஊரில் பிறந்திருந்தாலும்,
எத்தனை ஆண்டு கழிந்தாலும்,
இவ்வுரிமையை
இழக்க மாட்டார்."

முடித்துவிட்டேன்.
முற்றுப்புள்ளி விழுந்தது எனக்கே கேட்டது.

பேசியவர் தண்ணீர் குடித்தார்.
மாடத்தில் அவர் தலையை ஒருமுறை அசைத்தார்,
குழலைக் கழற்றி நாற்காலிக் கையில் மாட்டினார்,
எழுந்து போனார்.
இரண்டாம் ஷிஃப்டுக்கு நேரமாகியிருக்கும்.

தம்ளரை வைத்துவிட்டு
"அமைச்சர் வேறுவிதமாகக் கருதினாலன்றி"
என்றார் தண்ணீர் குடித்தவர்.

ஆங்கிலத்தில் இதை வாலாக ஒட்டிக்கொள்ளலாம்.
தமிழில் தலையிலேயே
வைத்துப் பிறந்திருக்க வேண்டும்.

"திருத்தம்" என்றேன் மைக்கில்.
ஒரு மணி நேரம் அடித்துக்கொண்ட அதே சொல்.
ஒரு கையும் உயராமல் நிறைவேறியது.
முதலிலிருந்து முழு வாக்கியத்தையும் சொன்னேன்,
மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.
காலி நாற்காலியில் தொங்கும் குழலுக்குள்
கொசு ரீங்கரித்ததுபோல் இருந்திருக்கும்.

ஹம்டான் கண்ணாடியைத் தட்டி
என்ன என்று புருவத்தால் கேட்டான்.
ஒன்றுமில்லை என்று கையாட்டினேன்.

"தண்ணீர் குடித்தால்
இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்"
என்றாள் மிஸ் சியூ இடைவேளையில்,
கோப்பியில் பிஸ்கட்டை நனைத்தபடி.
அவள் காத்திருந்தாளாம்.

அவைக்குறிப்பில் என் குரல் ஏறாது.
ஆங்கிலம் ஏறும், வாலோடு.
வாலில்லாத அந்த வாக்கியம்
உலகத்தில் ஒரே ஆளிடம் இருக்கிறது.
இந்நேரம் ஏதோ ஒரு கிடங்கில்
மழைக்கு ஒதுங்கியவர்களிடம்
எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்,
என் ஏற்ற இறக்கம்கூட மாறாமல்.
அவர்களில் யாராவது
ஊருக்குக் கடிதம் போடுவார்கள்.

தேடிப் போய்ச் சொல்லலாம்.
எந்தக் கிடங்கு? பெயர்கூடத் தெரியாது.
தெரிந்தாலும்
அந்த வாலைக் கையில் எடுத்துக்கொண்டு
மழையில் நான் எப்படி நடப்பேன்?

மணி அடித்தது.
ஆதரிப்போர் ஆம் எனலாம்.
அவை ஆம் என்றது.

ஆம், என்றேன்.
அதற்கு மட்டும்
கொஞ்சமும் பிந்தவில்லை நான்.